கட்டிலுக்கு அடியில் அடுக்கிய விறகு

எனக்கு வந்தது சயரோகம் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. அதில் பாதி வீட்டில் இன்னும் எனக்குத் தனிக் கோப்பையில்தான் தேத்தண்ணி தருகிறார்கள். கோபம் இல்லை. மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று தடவையும் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவளை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் அதைக் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. கொழுந்து எடுக்கும்போது நிரைக்கு நிரை பேசிக்கொள்வது, பஸ்ஸில் சண்டை போடுவது, குழாயடியில் திட்டுவது எல்லாம் அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வார்ட்டிலும் அந்தக் கொப்பியோடுதான் கிடந்தேன். இரண்டாம் தடவை போனபோது பக்கத்துக் கட்டிலில் திம்புள்ளப் பக்கமிருந்து வந்த ஞானம் என்ற பெண் இருந்தாள். அவளுக்கும் இழுப்பு. முதல் நாளே என்னிடம் சொன்னாள்:

"அக்கா, நம்ம மூச்சு இருக்குதே, அது கோவிச்சுக்கிட்டுப் போன மருமக மாதிரி. வெளிய போனா உள்ள வர மாட்டேங்குது. உள்ள வந்தா மூலையில குந்திக்கிட்டு வெளிய போக மாட்டேங்குது."

சிரித்ததில் இரண்டு பேருக்கும் இருமல் வந்து, நர்ஸ் ஓடிவந்து திட்டினார். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வார்த்தை மட்டும் அதில் இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டைத் தாண்டி, பொகவந்தலாவைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயர் மாரிமுத்து. கவ்வாத்து வெட்டுவதில் அவரைப் போல ஆள் இல்லை என்று கங்காணியே சொல்வார். செடி வயதானதும் கிளைகளையெல்லாம் வெட்டி இடுப்புக்குக் கீழே இறக்கிவிடுவதுதான் கவ்வாத்து. அப்படி வெட்டிய கிளைகளை மிலாறு என்போம். அதுதான் எங்களுக்கு விறகு. ஒரு மலைச் செடியெல்லாம் வெட்டி முடிந்ததும் வீட்டுக்கு இத்தனை நிரை என்று பிரித்துக்கொண்டு சுமந்து வருவோம்.

ஒரு மழைநாளில் அவர் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு கத்தி பிடிக்க முடியவில்லை. காலையில் பெயர் கொடுத்து வேலை வாங்குகிற பெரட்டுக்குப் போக முடியவில்லை. காலையில் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருடம் அப்படிப் போனது.

பிறகு அவருக்கு மிலாறு கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கட்டு. நொண்டிக்கொண்டே போய்க் கொண்டுவருவார். எல்லாக் குச்சியையும் முழங்கை அளவுக்கு வெட்டி, சுவர் கட்டுகிற மாதிரி அடுக்குவார். ஒரு குச்சி முன்னே நீட்டியிருக்காது. லயத்துப் பெண்கள் வந்து பார்த்து, "மாரிமுத்தண்ணே வீட்டு வெறகுன்னா அடுப்பு தானா பத்திக்கும்" என்பார்கள். அன்றைக்கு அவர் இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

முன்பெல்லாம் தையிலிருந்து பங்குனி வரை வெயில் காய்கிற காலம். மிலாறு மலையிலேயே கிடந்து காய்ந்து, தட்டினால் சத்தம் கேட்கும். இப்போது எந்த மாதம் மழை, எந்த மாதம் வெயில் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. பனி விழ வேண்டிய நாளில் மழை. விட்டால் புழுக்கம். சட்டையைக் கழற்றி வைத்தால் இரண்டு நாளில் கழுத்துப்பட்டியில் பச்சையாகப் பூசணம் பிடிக்கிறது. எங்கள் வீட்டில் பின்பக்கத் தகரம் ஒழுகும். அதனால் அவர் விறகையெல்லாம் நாங்கள் படுக்கிற அறைக்குள் கொண்டுவந்தார். சுவரோடு ஆள் உயரத்துக்கு ஒரு அடுக்கு. என் கட்டிலுக்கு அடியில் இன்னொன்று. ஈரமாக வந்த குச்சியில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூக்கும். தினமும் பின்னேரம், நான் மலையிலிருந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, அவர் பழைய சாக்குத் துண்டால் ஒவ்வொரு குச்சியாகத் துடைப்பார். "இந்த மாவு இருந்தா புகையும் புள்ள" என்பார்.

நெஞ்சு வருத்தம் ஆரம்பித்தது இருமலாக. பிறகு பின்னேரம் நன்றாக இருந்துவிட்டு, படுக்கிற நேரத்தில் குளிர் பிடிக்கும், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி இருக்கும். விடிந்தால் குறையும். மலையில் என் நிரை மட்டும் பின்னால் நிற்கும். கங்காணி கத்துவார். "என்னா பார்வதி, கொழுந்தோட பேசிக்கிட்டு நிக்கிறியா?"

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கினேன். சரிவரவில்லை. உடம்பு இளைத்து ரவுக்கை தொளதொளவென்று ஆனதும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

முதல் தடவை என்னை மூலைக் கட்டிலில் தனியாகப் போட்டு, வாயை மூடி, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். மூன்று நாள் காலையில் சளி எடுத்தார்கள். அந்த மூன்று நாளும் எனக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஹட்டனில் கடையில் வேலை செய்யும் என் மகள் ரேணுகாவுக்கு அப்போதுதான் ஒரு இடத்தில் பெண் கேட்டிருந்தார்கள். 'அம்மாக்காரிக்கு டீபியாம்' என்று போய்விட்டால்? பதில் வந்த அன்று சிங்கள நர்ஸ் என் தோளைத் தட்டி, "டீபி நே அம்மே, டீபி நே" என்று இரண்டு தடவை சொன்னார். இல்லை என்பது புரிகிற அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அங்கே இருந்த நாட்களில் எனக்குக் காய்ச்சலே வரவில்லை. சாதாரண இழுப்பாக இருக்கலாம் என்று வாயில் வைத்து இழுக்கிற பம்ப் கொடுத்து அனுப்பினார்கள். மருந்துதான் கேட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வீட்டுக்கு வந்து நான்காம் நாள் பழையபடி குளிர் பிடித்தது.

அந்த மாதம் பொகவந்தலாவையில் இருந்த என் அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போனார். கருமாதி வரை அங்கே தங்கினேன். அழுத வீடு, கூட்டம், தூக்கமில்லை. அப்படியிருந்தும் மூச்சு நன்றாக வந்தது. அக்கா வீட்டு மேட்டுப் படியை நிற்காமல் ஏறினேன். அக்காவே சொன்னாள். "ஏண்டி, சாவு வீட்டுக்கு வந்து ஒடம்பு தேத்திக்கிட்டுப் போறவ நீ ஒருத்திதான்டி."

திரும்பி வந்த அன்று அவர் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீ இல்லாத நேரத்துல பூராத்தையும் எறக்கித் தட்டி, தொடச்சு, மறுபடி அடுக்கிட்டேன் புள்ள. ஒன் கட்டிலுக்கு அடியில நல்லாக் காஞ்சதா வச்சிருக்கேன். குளிருக்குக் கதகதன்னு இருக்கும்."

உள்ளே போனேன். தகரத்தில் ஆணி போன ஓட்டை வழியாக ஒரு கோடு வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் தூள் மிதந்துகொண்டிருந்தது. விழவும் இல்லை, போகவும் இல்லை. அப்படியே நின்று பார்த்தேன். அன்றைக்குப் படுக்கும்போது பல் கிட்டிக்கொண்டது.

அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. டொக்டர் சொல்லித் தெரியவில்லை.

ஆனால் அவரிடம் என்னவென்று சொல்வது? அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வேலை. அதையும் வேண்டாம் என்றால் மறுபடியும் இஸ்தோப்பில் உட்கார்ந்து என் காலைப் பார்ப்பார். அந்தப் பார்வையை இன்னொரு வருடம் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

இரண்டாம் தடவை வார்ட்டில் ஒரு புது டொக்டர். யாழ்ப்பாணத்துப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துதான் பேசுவார். மூச்சை ஒரு குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரல் எவ்வளவு காற்றுப் பிடிக்கிறது என்று பார்த்தார். படம் எடுத்தார். பிறகு கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு இங்க வந்தா சுகம், வீட்ட போனா வருத்தம். அப்ப வீட்டில என்னவோ இருக்குது. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. புறா, கோழி வளக்கிறீங்களோ? சுவர் ஈரமோ? பூசணம் பிடிச்ச சாமான் ஏதும் கிடக்குதோ?"

என் வீட்டுக்காரர் கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்தத் தமிழ் பாதிதான் விளங்கும். நான் அவரை ஒரு தடவை பார்த்தேன். பிறகு டொக்டரைப் பார்த்தேன்.

"அப்பிடி ஒண்ணுமில்லைங்க டொக்டர். ஒரு நாய் இருக்குதுங்க."

சொல்லி முடித்ததும் நாக்கு கசந்தது. ஜிம்மி என்ன பாவம் செய்தது?

"லயத்தைச் சுத்தி என்ன இருக்கு?"

"மேல மலையக் கைவிட்டுட்டாங்க. மானாப்புல்லு மண்டிக் கிடக்குதுங்க. பூத்துச்சுன்னா எல்லா வீட்டுலயும் தும்மல்தான்."

இது பொய்யில்லை. அன்றைக்கு டொக்டர் எனக்கும் ஞானத்துக்கும் பாடமே நடத்தினார். புல்லின் பூவிலிருந்து காற்றில் வருகிற மகரந்தம் சிலருடைய மூச்சுக்குழாயை வீங்க வைக்குமாம். குளிர் குறைந்து, மழை காலம் தவறிப் பெய்வதால் புல்லுக்கும் எப்போது பூப்பது, எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லையாம். இடியோடு மழை வந்தால் அந்தத் தூள் ஈரத்தில் ஊறி வெடித்து, இன்னும் சின்னத் தூளாகி நெஞ்சுக்குள் இறங்கிவிடுமாம். பூசணமும் அப்படித்தான். அதற்கும் விதை மாதிரி ஒன்று இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாதாம், புழுக்கமும் ஈரமும் சேர்ந்தால் காற்றெல்லாம் அதுதானாம்.

"அப்ப காத்தே கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க" என்றாள் ஞானம்.

"கெட்டுப் போகேல்லை. மாறிப்போச்சு. உங்கட நெஞ்சுக்கு இன்னும் அது தெரியேல்லை."

இதைக் கொப்பியில் எழுதினேன். இரண்டு நாள் கழித்து பின்னேரம் பெரிய இடிமழை பெய்தது. அது விட்ட ஒரு மணி நேரத்துக்குள் இழுப்போடு நான்கு பேர் வார்ட்டுக்கு வந்தார்கள். கட்டில் போதாமல் ஒருத்தி என் காலடியில் உட்கார்ந்து, மூக்கில் மூடி வைத்துப் புகை மருந்து பிடித்தாள். டொக்டர் சொன்னது கண்ணெதிரே நடந்தது. எனக்கு மட்டும் உள்ளே குறுகுறுத்தது. இவர்களுக்கு வந்தது மானாப்பூ. எனக்கு வந்தது வேறு.

ஜிம்மியை நோர்வூட்டில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்தார்கள். ரேணுகா கொண்டுபோய் விட்டுவிட்டு, பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாளாம். மூன்றாம் நாள் நாய் தானாக லயத்துக்கு வந்து, என் பழைய சேலையின் மேல் படுத்துக்கொண்டது. "பெத்த புள்ளையவே கட்டிக் குடுத்தா வருசத்துக்கு ஒருக்காதான் வருது. இது பாரேன்" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். மறுபடியும் கொண்டுபோய் விட்டார்கள். இந்தத் தடவை தூரமாக. அது திரும்பவில்லை.

முகக்கவசமும் வெள்ளை மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை நெஞ்சின் வீக்கத்தைக் குறைக்கும். முகத்தை மட்டும் வீங்க வைக்கும். ஜன்னலை அடைத்து வைக்கச் சொன்னார்கள், பூத்தூள் வராமலிருக்க. நான் அடைத்தேன். உள்ளே நானும் விறகும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் தாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவர் துடைக்கும் நேரத்தில் குழாயடிக்குப் போவேன். திரும்பி வரும்போது தூள் எனக்காகக் காத்திருக்கும்.

ஐந்து மாதம் அப்படித் தாங்கினேன். ஒரு நாள் குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உதடு நீலமாகிவிட்டதாம். கையில் கிடைத்தது கொழுந்து லொறிதான். கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்கப்போட்டுக் கொண்டுபோனார்கள். இருபது வருடமாக நான் எடுத்துப் போட்ட கொழுந்தின் மேல் அன்றைக்குத்தான் படுத்தேன். பச்சை வாசனை. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பயம்கூட வரவில்லை. அடுப்பை அணைத்தேனா என்றுதான் யோசனை ஓடியது.

மூக்கில் ஒட்சிசன் குழாயோடு ஒரு வாரம். பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். அதே டொக்டர் வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஐயா, நாய் இல்லை எண்டு சொல்லுறீங்கள். ஜன்னலும் அடைச்சிருக்கு. அப்ப உள்ளுக்குத்தான் என்னவோ. அடுப்பெரிக்கிறது என்னத்தில?"

இந்தத் தடவை டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான்.

"மிலாறுங்க டொக்டரம்மா. எங்க லயத்துல என் வெறகு மாதிரி ஒருத்தர்கிட்டயும் இல்லீங்க. வெளிய ஒரு குச்சி வைக்க மாட்டேன். எல்லாம் படுக்கிற அறைக்குள்ளதான். இவ கட்டிலுக்கு அடியிலகூட அடுக்கியிருக்கேன், குளிருக்கு எதமா இருக்கும்னு. தெனம் இந்தக் கையாலதான் ஒவ்வொண்ணா தொடைக்கிறது. மழைக்கு மாவு மாதிரி பூக்குமுங்க, வெள்ளையா, பச்சையா…"

அவர் கையை விரித்துக் காட்டினார். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.



டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். அந்த மாவுதான் பூசணத்தின் விதை. நாள்தோறும் அதை மூச்சோடு இழுத்ததில் என் நெஞ்சு அதோடு சண்டை போட்டு, சண்டை போட்ட இடமெல்லாம் தழும்பாகிவிட்டது. தழும்பு விழுந்த இடம் இனிக் காற்றுப் பிடிக்காது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே டொக்டரம்மா? நானும் அதே அறையிலதான…" என்றார் அவர்.

"எல்லாற்ற உடம்பும் ஒரு மாதிரி இல்லை ஐயா. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே."

அவர் விரித்த கையை மடக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் எழும்பிப் போகும்போது என் பக்கம் திரும்பினார். "போன முறை கேட்டனான் அம்மா. அப்பவே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தழும்பு விழுந்திராது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வீட்டுக்கு வந்தபோது அறை வெறுமையாக இருந்தது. சுவரில் விறகு அடுக்கியிருந்த உயரத்துக்கு நிறம் வேறாகத் தெரிந்தது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தும் அது மறையவில்லை. ரேணுகா காஸ் அடுப்பு வாங்கி வைத்திருந்தாள். விறகை யாருக்காவது கொடுக்கலாம் என்று அவள் சொன்னாளாம். "வேற ஒருத்தன் வீட்டுக்குள்ளயா அனுப்பச் சொல்ற?" என்று அவர் கேட்டாராம். உடைந்த இடுப்போடு அத்தனையையும் ஆற்றோரத்துக்குச் சுமந்திருக்கிறார். அங்கேயும் கொட்டவில்லை, அடுக்கித்தான் வைத்திருக்கிறார். இப்போது மழையில் நனைந்து, அந்த ஒழுங்கான சுவர் முழுவதும் காளான் பூத்திருக்கிறது.

வெளியே போய் வந்தால் அவர் நேரே உள்ளே வருவதில்லை. இஸ்தோப்பில் நின்று சட்டையைக் கழற்றித் தூணில் அடிப்பார். வேறு சட்டை போட்டுத்தான் நிலையைத் தாண்டுவார். இஸ்தோப்பிலேயே படுத்துக்கொள்கிறார். கூப்பிட்டால், "இருக்கட்டும் புள்ள" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். சோறு போட்டுக் கொடுத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கி டொக்டரம்மா கேட்டப்ப நீ ஏன் என்னையப் பாத்த?"

நான் குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நாயத் தொலைச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னுதாங்க…"

"வெறகு அடுக்குறதத் தவிர நான் ஒனக்கு வேற ஒண்ணுமே இல்லியா பார்வதி?"

பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. கொப்பியில் எவ்வளவோ பேருடைய சொல்லை எழுதி வைத்திருக்கிறேன். இதற்குப் பதிலாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. அவர் சோற்றில் கையை வைக்கவேயில்லை.

இதைப் படிக்கிற பெண்கள் யாராவது இருந்தால் ஒரு விஷயம். மழை காலம் மாறிவிட்டது. முன்பு காய்ந்தது இப்போது காய்வதில்லை. பூசணம் பிடித்த மிலாற்றைப் படுக்கிற அறைக்குள் வைக்காதீர்கள். டொக்டர் கேட்டால், பக்கத்தில் யார் நின்றாலும் உள்ளதைச் சொல்லுங்கள்.

இனி நான் கூடை தூக்க மாட்டேன். தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். குழாயடி வரை போய் வருவோம், இரண்டு பேரும். முன்பு அது எனக்கு ஒரு ஓட்டம். இப்போது நாலு இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் நான் நிற்பதற்கு முன்னாலேயே அவர் நின்றுவிடுவார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் நில்லு புள்ள, இடுப்பு வலிக்குது" என்பார். நானும் அவருக்காக நிற்பதுபோல நிற்பேன். இரண்டு மாதமாக இப்படித்தான் நடந்தது.

நேற்றும் நின்றார். மேல் மலையில் மானாப்புல் மறுபடியும் பூத்திருந்தது. தூறல் போட ஆரம்பித்தது.

"இடுப்பு வலிக்குது புள்ள."

"ஒங்களுக்கு இடுப்பு வலிக்கலங்க" என்றேன். "எனக்குத்தான் மூச்சு முட்டுது."

அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். சட்டையில் ஒரு தடவை துடைத்தார். பிறகு அந்தக் கையை என் முதுகில் வைத்தார்.